மேசைப் போர் விளையாட்டுக்கு டெரெயின் செய்ய என்ன வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். சின்னச் சின்ன வீரர் பொம்மைகளை மேசையில் நகர்த்தி, டைஸ் உருட்டி விளையாடும் போர் விளையாட்டு. பொம்மைகள் பெரும்பாலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் கொண்டுவந்தவை. அந்தப் பொம்மைகள் ஏறும் மலை, ஒளியும் சுவர், கடக்கும் பாலம் எல்லாம் பெரும்பாலும் ரெஜிபோமில், அதாவது மீன் பெட்டி செய்யும் அந்த இலேசான வெள்ளைப் போமில், நாங்களே செய்தவை. அவற்றைப் பார்த்துவிட்டுச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன்.

அக்கா, டெரெயின் எண்டா என்ன? அது இல்லாம விளையாட ஏலாதா?

மேசையில் வைக்கும் நிலக்காட்சிதான் டெரெயின்: மேடு, மதில், வீடு, காடு, ஆறு. இல்லாமலும் விளையாடலாம். புத்தகங்களை அடுக்கி மலை என்று வைத்தே நாங்களும் தொடங்கினோம். ஆனால் வெறும் மேசையில் யார் முதலில் சுடுகிறாரோ அவரே வெல்வார். நடுவில் ஒரு மதில் வந்தவுடன், அதைச் சுற்றிப் போவதா, பின்னால் பதுங்குவதா என்று யோசிக்க வேண்டி வருகிறது. விளையாட்டே அங்கேதான் தொடங்குகிறது.

முதல் நாளுக்கு என்னென்ன வாங்கினாக் காணும்?

ஒரு நல்ல கட்டர், அதற்கு மாற்று பிளேட் ஒரு பெட்டி, 30 சென்ரிமீற்றர் இரும்பு அடிமட்டம், ஒரு போத்தல் வெள்ளைக் கம், ஒரு தாள் சாண்ட்பேப்பர், கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு சின்ன டின் இமல்ஷன் பெயின்ட் (தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயின்ட்), ஓரங்குலப் பிரஷ் ஒன்று. பழைய பல் தூரிகையும் போல்பொயின்ட் பேனாவும் வீட்டிலேயே இருக்கும். எல்லாம் ஒரு ஹாட்வெயார் கடையிலும் ஒரு புத்தகக் கடையிலும் முடிந்துவிடும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் இரண்டுதான்: வெட்டுவது, ஒட்டுவது. மற்றதெல்லாம் மீன் சந்தையிலும் மர ஆலையிலும் வீட்டு முற்றத்திலும் கிடைக்கிறது. இணையத்தில் பார்த்துவிட்டு இருபது வகைச் சாமான் பட்டியலோடு வருகிறவர்களிடம் நான் சொல்வது, முதலில் ஒரு சாண் நீள மதில் ஒன்றைச் செய்து முடியுங்கள் என்பதுதான். அடுத்து என்ன தேவை என்று அந்த மதிலே காட்டிக்கொடுக்கும்.

கட்டரால வெட்டினா ரெஜிபோம் மணிமணியாப் பிய்யுது. என்ட கை பிழையா, கட்டர் பிழையா?

பத்தில் ஒன்பது பேருக்கு பிளேட்தான் பிழை. ரெஜிபோம் கைக்கு மென்மையாக இருந்தாலும் பிளேட்டின் முனையைச் சீக்கிரம் மழுங்கவைக்கும். மழுங்கிய பிளேட் மணியை அறுப்பதில்லை, இழுத்துப் பிடுங்குகிறது. வெட்டும்போது 'கிறீச்' என்று சத்தம் வந்தாலே முனையை உடைத்து அடுத்ததை எடுக்க வேண்டும். நான் ஒரு மணி நேர வேலைக்கு மூன்று, நான்கு முனை உடைப்பேன். உடைத்த துண்டுகளை மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். குப்பைப் பையில் போட்டால் அதை எடுப்பவர் கை அறும்.

அடுத்தது வெட்டும் விதம். பிளேட்டை நட்டுக்கு நிறுத்தி அமுக்காமல், நன்றாகச் சாய்த்து, நீளமாக வெளியே இழுத்து, மீன் அரிவது போல இழுங்கள். ஒரே வெட்டில் அடி வரை போகப் பார்க்காமல் மூன்று தடவையில் இறங்குங்கள். அகலம் 18 மிமீ உள்ள கட்டர் தடித்த துண்டுக்கு, 9 மிமீ கட்டர் ஜன்னல், கதவு போன்ற நுணுக்கத்துக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 18.

ரெஜிபோம் எது நல்லது? மீன் பெட்டியை எடுக்கலாமா?

எடுக்கலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். மணம் போகவில்லையென்றால் தேசிக்காய்ச் சாறு தேய்த்து மறுபடி கழுவலாம். வெயிலில் நாள்கணக்காக வைக்க வேண்டாம். மேற்பரப்பு மஞ்சளாகி மாவு மாதிரி உதிரத் தொடங்கும். ரீவி, பிரிட்ஜ் வந்த பெட்டிக்குள் இருப்பதும் இதே சாமான்தான். கையில் அழுத்திப் பார்த்து, மணி சின்னதாகவும் இறுக்கமாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரிய மணி உள்ளது மலைக்குச் சரி, மதிலுக்குச் சரிவராது.

மணியே இல்லாத வழவழப்பான போம் ஒன்று உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் இளஞ்சிவப்பு, நீல நிறத்தில் வருவது அதுதான். செதுக்குவதற்கு அதைப் போல ஒன்றில்லை. இங்கே அது தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பழம், இறைச்சி அடுக்கி வரும் மெல்லிய போம் தட்டும் அதே இனம். ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிகளும் அப்படித்தான். 2017 செப்டெம்பரில் அவற்றைத் தடை செய்தபின் அவை அருகிவிட்டன. எங்காவது பழையது ஒன்று கிடந்தால் எறிய வேண்டாம். செங்கல், ஓடு, தரைக்கல் வெட்ட அந்த மூன்று மில்லிமீற்றர் தகடு அருமையானது.

ஒரு வேண்டுகோள். வெட்டும்போது கதவைச் சாத்திவிட்டு வெட்டுங்கள், முடிந்தவுடன் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அந்த வெள்ளை மணி காற்றில் பறந்தால் நேரே வாவிக்குத்தான் போகும்.

சுப்பர் குளு போட்டன், ரெஜிபோம் குழி விழுந்திட்டு. அப்ப எந்தக் கம்?

சுப்பர் குளு ரெஜிபோமைத் தின்னும். தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைக் கம்தான் நம்முடைய வேலைக்கு அடிப்படை. தண்ணீரில் கரையும், மணமில்லை, காய்ந்தால் இறுகும். குறை என்னவென்றால் காய நேரம் எடுக்கும். இரண்டு ரெஜிபோம் துண்டுக்கு நடுவில் காற்றுப் போகாததால் ஒரு முழு இரவு தேவை. ஒட்டும் இடத்தில் ஈர்க்குத் துண்டுகளை ஆணி போலக் குத்தி வைத்தால் அதுவரை நழுவாது.

சூட்டுக் கம் துப்பாக்கி அவசரத்துக்கு நல்லது. ஆனால் ரெஜிபோம் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும், துப்பாக்கியின் கம் அதைவிடச் சூடு. ஒரு துளியை முதலில் மட்டையில் வைத்து, சில விநாடி ஆறவிட்டு ஒட்டுங்கள். வேகச் சூடு, மந்தச் சூடு என்று இரண்டு நிலை உள்ள துப்பாக்கி என்றால் மந்தத்தில் வையுங்கள்.

எவ்வளவு பெரிசாச் செய்யோணும்? நான் செய்த வீட்டுக்குள்ள ஆளே போக ஏலாது.

முதலில் உங்கள் பொம்மையை அளவுங்கள். 28 மிமீ என்று விற்கும் பொம்மை காலடியிலிருந்து கண் வரை ஏறத்தாழ அந்த உயரம். அந்தக் கணக்கில் உண்மையான ஒரு மீற்றர் மேசையில் 17 மிமீ அளவு வரும். ஆனால் பொம்மை ஒரு தட்டில் நிற்கிறது, அந்தத் தட்டு 25 மிமீ அகலம். ஆகவே கதவு கணக்குப்படி இல்லாமல் 40 முதல் 45 மிமீ உயரமும், 30 மிமீக்குக் குறையாத அகலமும் வேண்டும். பதுங்கும் மதில் 15 முதல் 18 மிமீ.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் போலக் கட்டம் போட்டு விளையாடுகிறவர்களுக்கு ஒரு கட்டம் ஓரங்குலம், அது ஐந்தடிக்குச் சமம். பொம்மைக் கடையில் பையில் வரும் பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஒவ்வொரு பையிலும் ஒவ்வோர் உயரம். ஒரே பையிலிருந்து எடுத்து, அதற்கு அளவாகச் செய்யுங்கள்.

கல்லு மதில் கல்லு மாதிரி வர என்ன செய்யிற? ஏதும் விசேட சாமான் தேவையா?

விசேடமாக எதுவும் வேண்டாம், ஒரு போல்பொயின்ட் பேனாவும் ஓர் அலுமினியத் தாளும் போதும். புளியந்தீவுக் கோட்டைக்கு ஒரு தடவை போய் மதிலுக்குக் கிட்ட நின்று பாருங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. நானூறு வருட மழை அந்த மதிலில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு இழுத்திருக்கிறது. அடியில் பாசி, முனைகளில் உடைவு. வாசலுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் இருந்து ஒரு சதுர அடியைப் படம் வரைந்து கொண்டுவந்தேன். நான் செய்த எல்லா மதிலுக்கும் அந்தப் படம்தான் மாதிரி.

செய்முறை இதுதான். ரெஜிபோமின் வழவழப்பான பக்கத்தில் பேனாவால் கல் வரிகளை அமுக்கிக் கீறுங்கள். முந்திய பதிலில் சொன்ன கணக்கின்படி அரை மீற்றர்க் கல் 8 அல்லது 9 மிமீ. எல்லாக் கல்லும் ஒரே அளவாக இருந்தால் குளியலறை டைல்ஸ் போல வரும், ஆகவே சின்னதும் பெரிதுமாகக் கலந்து கீறுங்கள். பிறகு அலுமினியத் தாளைக் கசக்கி, எலுமிச்சை அளவு உருண்டையாக்கி, மதில் முழுக்க உருட்டி அமுக்குங்கள். உருண்டையின் மடிப்புகள் ஒவ்வொரு கல்லிலும் வேறு வேறு பொளிவாகப் பதியும். ஓரிரு கல்லைப் பேனாவின் பின்பக்கத்தால் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுங்கள். விளிம்பில் சிலதை நகத்தால் கிள்ளுங்கள். பத்து நிமிட வேலை, ரெஜிபோம் கல்லாகிவிடும்.

ஸ்பிரே பெயின்ட் அடிச்சாக் கெதியா முடியும்தானே?

கெதியாக முடிந்துவிடும், மதிலும் சேர்ந்து. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் ரெஜிபோமை உருக்கும். இரண்டு வாரம் எடுத்துச் செய்த கொத்தளம் ஒன்று என் கண் முன்னே தேன்கூடு போல ஆனது. அன்று அழுகையே வந்தது. இப்போது எந்தத் துண்டானாலும் முதலில் கறுப்பு இமல்ஷனும் வெள்ளைக் கம்மும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு பூச்சுப் பூசுகிறேன். அது நிறமும் கொடுக்கும், மணிகளின் இடுக்கையும் அடைக்கும், மேலே ஒரு தோல் போல இறுகி விளிம்பு உடையாமலும் காக்கும்.

அப்ப நிறத்துக்கு என்ன பெயின்ட்? சின்னப் போத்தல் அக்ரிலிக் எல்லாம் விலையாக் கிடக்கே.

பொம்மைக்கு அந்தப் போத்தல், டெரெயினுக்குச் சுவர்ப் பெயின்ட். கறுப்பும் வெள்ளையும் வாங்கியிருக்கிறீர்கள். அதோடு இமல்ஷனில் கலக்கும் ஸ்டெய்னர் சின்னப் போத்தலில் மண்ணிறம், மஞ்சள், பச்சை மூன்றும் எடுத்தால் கல், மண், மரம், பாசி எல்லா நிறமும் கலந்துகொள்ளலாம். எண்ணெய்ப் பெயின்டும் தின்னரும் வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்.

பூசும் முறை: கறுப்பின் மேல் சாம்பல். அது காய்ந்தபின் வெளிர் சாம்பலில் பிரஷைத் தொட்டு, கடதாசியில் ஏறத்தாழ முழுவதையும் துடைத்துவிட்டு, வெறும் பிரஷ் போலத் தோன்றும் நிலையில் மதிலின் மேல் லேசாகத் தேயுங்கள். புடைப்பில் மட்டும் நிறம் பிடிக்கும், வரிகள் கறுப்பாகவே இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெயின்ட் பிரஷிலேயே காய்ந்துவிடும். அப்போது காலையில் வேளைக்கே பூசி முடிப்பது நல்லது.

மணல் கடற்கரையிலயே கிடக்கு. அதைப் போடலாம்தானே?

கட்டட வேலை முடிந்த இடத்தில் மிஞ்சும் ஆற்று மணல் ஒரு கோப்பை கேட்டு வாங்குங்கள், அதுவே நல்லது. கடல் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், மாரியில் பெயின்ட் பொருமி உரியும். எந்த மணலானாலும் மூன்று தண்ணீரில் கழுவி, பழைய தாச்சியில் வறுத்து, மாவரிப்பில் அரித்து எடுங்கள். அரிப்பில் தங்கும் குறுணி பாறைக்கு, கீழே விழுவது பாதைக்கு. கம் பூசிய இடத்தில் தூவி, காய்ந்தபின் கம்மும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, மேலே சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்த ஒரு துளி இல்லாவிட்டால் தண்ணீர் உருண்டு நிற்கும், மணலுக்குள் இறங்காது.

புல், மரம், வயல் இதுகளுக்கு என்ன பாவிக்கலாம்?

இதில்தான் நம்முடைய ஊர் பெரிய கடை. மர ஆலைத் தூளை அரித்து, பச்சை கலந்த இமல்ஷனில் பிசறி, பேப்பரில் பரப்பிக் காயவிட்டால் புல்தரை. தேங்காய்த் தும்பு நீண்ட புல்லுக்கும் கூரைக்கும். ஈர்க்கு வேலிக்கும் நாணலுக்கும். ஐஸ்பழக் குச்சி பலகைக்கும் கதவுக்கும். கட்டுக்கம்பி ஏழெட்டு இழையை முறுக்கி, மேல் பாதியைக் கிளைகளாகப் பிரித்து, கம்மும் மரத்தூளும் பூசினால் மரம். காட்டுத் தரையில் உதிர்ந்த இலைக்கு, தேத்தண்ணி வடித்த சாயத்தூளை நன்றாகக் காயவைத்துத் தூவுங்கள், அசல் சருகுதான். உமியைச் சிலர் போடுகிறார்கள். ஓர் உமி ஏழெட்டு மில்லிமீற்றர். மேசைக் கணக்கில் அது ஒரு முழ நீளச் சருகு. எனக்கு அது ஒத்துவரவில்லை.

வயலுக்கு நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை, செய்து பார்த்தபின் விடாதவரும் இல்லை: தும்புக் கால்மிதி. ஒரு கால்மிதியை நான்கு துண்டாக அறுத்து, சுற்றிவர மட்டையால் வரம்பு வைத்து, வரம்பில் மண் பூசுங்கள். அப்படியே விட்டால் விளைந்த நெல், பச்சை அடித்தால் குடலைப் பருவம். சம்மாந்துறையிலிருந்து வந்த ஒரு தம்பி, வாய்க்காலும் மடையும் வைத்து ஒரு முழு வயல் வெளியைச் செய்து கொண்டுவந்தான். அன்று போர் நடக்கவில்லை, எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

வாவித் தண்ணிக்கு, போட் செய்யிற ரெசினை ஊத்தலாமா? எங்கட வீட்டில கிடக்கு.

வேண்டாம். மீன்பிடிப் படகுக்குப் பைபர் பிடிக்கும் அந்த ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. ரெஜிபோமை ஸ்பிரேயைவிட மோசமாகக் கரைக்கும், மணமும் உடம்புக்கு ஆகாது. இரண்டு போத்தலாகக் கலக்கும் எபொக்சி ரெசின் கரைக்காது. ஆனால் தடிப்பாக ஊற்றினால் இறுகும்போது சூடேறி அடியை இளக்கும். மூன்று மிமீக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

தொடங்குகிறவர்களுக்குத் தண்ணீரில் கரையும் பளபளப்பு வார்னிஷ் போதும். அடியில் நிறம்தான் முக்கியம். எல்லாரும் நீலம் அடிக்கிறார்கள். கல்லடிப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள், வாவி பச்சையும் பழுப்புமாக இருக்கும், கரையோரம் தேநீர் நிறம். நடுவில் கடும் பச்சை, ஓரத்துக்கு வர வர மண்ணிறம் என்று இழைத்துவிட்டு, மேலே வார்னிஷை மெல்லிய பூச்சாக ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள் விட்டுப் பூசுங்கள். வெள்ளைக் கம்மைத் தண்ணீராகப் பாவிப்பது மெல்லியதாக இருந்தால் சரி. தடித்தால் பால் நிறம் போகாது, மழைக்காலத்தில் மறுபடி பிசுபிசுக்கும்.

அடித்தட்டு வளைஞ்சு படகு மாதிரி வருதே?

மட்டையில் ஒரு பக்கம் மட்டும் கம், பெயின்ட் பூசினால் காயும்போது அந்தப் பக்கம் சுருங்கி இழுக்கும். அடிப்பக்கத்திலும் அதே பூச்சைப் பூசி, காயும்வரை மேலே பாரம் வையுங்கள். பெரிய தட்டுக்கு 3 மிமீ ஹாட்போட் எடுங்கள். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் கழிவாக விழும் பீவிசி போம் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது, ஈரம் அதை ஒன்றும் செய்யாது.

மாரி முடிய எடுத்துப் பார்த்தா பூஞ்சணம், கரப்பொத்தான் கடிச்ச ஓட்டை. என்ன செய்யலாம்?

கோதுமை மாப் பசையால் ஒட்டியிருப்பீர்கள். கரப்பொத்தானுக்கு அது சாப்பாடு. மாப் பசையை விட்டுவிடுங்கள். நவம்பர் தொடங்க முன் எல்லாத் துண்டுக்கும் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு, குறிப்பாக அடியிலும் வெட்டிய விளிம்பிலும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பைகளைச் சேர்த்துப் போடுங்கள். சாயத்தூளும் மரத்தூளும் அரைகுறையாகக் காய்ந்திருந்தால் வார்னிஷுக்குள்ளிருந்தே பூஞ்சணம் வரும், அதற்கு மருந்தில்லை.

சூட்டுக் கம்பியால வெட்டினா மணி பிய்யாதாமே. நானே வயர் குடுத்துச் செய்யலாமா?

பிய்யாது, உருக்கி வெட்டுவதால் வெண்ணெய் போல இறங்கும். ஆனால் வீட்டுக் கரண்டில் நேரே கம்பியை இணைத்துச் செய்யவே கூடாது, அது உயிர் ஆபத்து. மின்கலத்திலோ யூஎஸ்பியிலோ வேலை செய்யும் சின்னப் பேனா வகையை வாங்குங்கள். அதுவும் ஏழெட்டுத் துண்டு செய்து கை பழகியபின். வெட்டும்போது வரும் புகையை மூக்கில் எடுக்காமல் திறந்த விறாந்தையில் இருந்து வெட்டுங்கள்.

மேலே சொன்ன பீவிசி போமில் சூட்டுக் கம்பி படவே கூடாது. அது எரிந்தால் அமில வாயு வரும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் நகத்தால் அமுக்குங்கள். ரெஜிபோம் பள்ளம் விழும், பீவிசி விழாது.

தங்கச்சி, என்ட மகனுக்கு ஒன்பது வயசு. கட்டரைக் குடுக்கலாமா?

கட்டரைக் கொடுக்க வேண்டாம், அம்மா. வெட்டும் வேலையை நீங்கள் செய்துகொடுங்கள். பேனாவால் கல் கீறுவது, தாள் உருண்டை உருட்டுவது, மணல் தூவுவது, பெயின்ட் பூசுவது எல்லாம் அவருக்கு. உண்மையில் ரசமான வேலை அதுதான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பக்கத்தில் இருந்து பழக்கலாம். இரும்பு அடிமட்டத்தைப் பிடிக்கும் விரல்கள் விளிம்பைத் தாண்டாமல் இருக்கின்றனவா என்பதை மட்டும் விடாமல் பாருங்கள்.

கனடா மாமா வாறார், என்ன வேணும் எண்டு கேக்கிறார்?

நிற்கும் புல் என்று சொல்லப்படும் நார்த்தூள் ஒரு பை, நல்ல சின்னப் பிரஷ் இரண்டு. இங்கே கிடைக்கும் எதையும் சுமக்க வைக்காதீர்கள். ஸ்பிரே டின்னை விமானத்தில் விடமாட்டார்கள், அதைக் கேட்கவே வேண்டாம்.

எல்லாம் வடிவாத்தான் இருக்கு, ஆனா மலையில ஆள் நிக்குதில்ல, சறுக்குது.

அழகுக்காகச் சரிவாகச் செதுக்கியிருப்பீர்கள். விளையாடும் மலைக்குப் படி வேண்டும். இரண்டு சென்ரிமீற்றர் ரெஜிபோமை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் குறைந்தது 30 மிமீ சமதரை விடுங்கள், பொம்மையின் தட்டு 25 என்று முன்பே சொன்னேன். ஒரு பக்கத்தை மட்டும் பாறையாகச் செங்குத்தாகச் செதுக்குங்கள். வயலிலும் இதே சிக்கல் உண்டு: கால்மிதி நாரில் பொம்மை சாயும். நடுவில் ஒரு பாதை வெட்டிவிட்டால் அதில் நிறுத்தலாம்.

அக்கரைப்பற்றில இருந்து பஸ்ஸில கொண்டுவர உடைஞ்சிட்டு. எப்பிடிக் கொண்டுவாறது?

பெட்டியை முதலில் எடுத்து, அதன் உள்ளளவை அளந்து, பிறகு டெரெயினைச் செய்யுங்கள். நாங்கள் எல்லாரும் பழ மட்டைப் பெட்டிக்குள் அடங்கும் அளவாகவே செய்கிறோம், ஆற்றைக்கூட ஓரடித் துண்டுகளாக. உடைந்ததை எறிய வேண்டாம், கொண்டு வாருங்கள். உடைந்த வாயில் கம் வைத்து, மூன்று கல்லைக் கீழே சிந்தவிட்டு, மறுபடி சாம்பல் தேய்த்தால் அது பீரங்கி பட்ட மதில். எங்கள் மேசையில் இப்போது எல்லாரும் முதலில் ஓடிப் பிடிக்கும் இடம் அப்படி உடைந்த ஒரு மதில்தான்.